ஓடையில் இறங்கிய சுடுதண்ணீர்

பணி ஓய்வு பெற்ற பிறகும் மே மாதம் வந்தால் எனக்கு நிம்மதி போய்விடுகிறது. மதியம் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் வாசலில் இருக்கும் வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பேன். என் மகள் கேலி செய்வாள். "இன்னாம்மா, வாளியில மீன் வளக்கறியா?" என்பாள். முப்பது வருடத்துக்கும் மேலாக உள்நாட்டு மீன்வளப் பிரிவில் இருந்தவளின் கை. அது சும்மா இருக்காது.

போன மாதம் அலுவலகத்திலிருந்து இரண்டு இளைய அலுவலர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு ஏரியில் மிதக்கும் கருவி ஒன்றை இறக்கியிருக்கிறார்களாம். தண்ணீரின் வெப்பம், அதில் கரைந்திருக்கும் பிராணவாயு எல்லாம் கைபேசியிலேயே வந்துவிடுகிறது. அளவு எல்லை தாண்டினால் திரை சிவப்பாகிவிடும். தமிழரசி என்ற பெண் அதை எனக்குப் பெருமையோடு காட்டினாள்.

"செவப்பு வந்ததும் இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

தமிழரசி கைபேசியைக் கீழே வைத்தாள். "அதான் மேடம், உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தோம். அந்தக் காலத்துல நீங்க இன்னா பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு உதவும்."

அதற்காகத்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததும் பல ஏரிகளும் குளங்களும் நினைவுக்கு வந்தாலும், மனம் போய் நிற்பது ஒரே ஒரு ஓடைக்கரையில்தான்.

நான் ஆரோக்கிய மேரி. வில்லியனூருக்குப் பக்கத்தில், கோயில் மணி கேட்டு வேலைக்குப் போகும் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. அப்பா நெல்லும் உளுந்தும் போட்டவர். பி.எஸ்சி. முடித்ததும் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. நகரத்தில் சில மாதங்கள் பயிற்சி கொடுத்தார்கள். சீசா கழுவுவது, மருந்து கலக்குவது, மீனின் செவுளை விரித்துப் பார்ப்பது. அங்கே கற்றதில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியை எனக்குப் பழக்கியவர் ரஷீத் சார்.

ரஷீத் சார் எங்கள் ஆய்வாளர். வில்லியனூர் கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருந்தது. கடையில் உட்கார மனமில்லாமல் மீன் படிப்பு படித்தவர். நெடுநெடுவென்று இருப்பார். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை. மாடு மேய்க்கும் ஆளைக் கூட "நீங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அவர் பேசுவது காதில் விழவில்லையென்றால் நாங்கள் பயப்பட ஆரம்பித்துவிடுவோம்.

தண்ணீரின் வெப்பத்தை எடுப்பது அவருக்கு ஒரு சடங்கு. முதலில் கரையில், குடை நிழலில், காற்றின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். வெப்பமானி ஈரமாக இருந்தால் காற்றின் அளவு பொய் சொல்லும், ஆகையால் தண்ணீர் எப்போதும் இரண்டாவதுதான். பிறகு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, நாம் கலக்கிய சேறு கீழே உட்காரும்வரை நிற்க வேண்டும். பாதரசக் குமிழில் வெயில் படாதபடி உடம்பைத் திருப்பிக்கொண்டு, மேலாக ஒரு சாண் ஆழத்தில் ஓர் அளவு, தரைக்குப் பக்கத்தில் ஓர் அளவு. பாதரசம் நகர்வது நின்ற பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். குமிழ் தண்ணீரில் இருக்கும்போதே குனிந்து, கண்ணை நேராக வைத்துப் படிக்க வேண்டும். வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"நீங்க படிக்கறது இப்ப காத்தைத்தான், மேரி. தண்ணி போயிடுச்சு."

நான் எண்ணைச் சொன்னதும், "நிச்சயமாவா?" என்று கேட்பார். நிச்சயம் என்றாலும் இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சல் எனக்குப் போனது ஒரு குளத்தங்கரையில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடை. ஒரு குளத்தில் மீன்கள் மொத்தமாக மிதப்பதாகச் செய்தி வந்து காலையிலேயே போனோம். குளத்தைக் குத்தகை எடுத்தவரும் அவருடைய தம்பியும் ஆளுக்கொரு கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். தம்பிதான் மருந்து கலந்துவிட்டான் என்று அண்ணன் கத்தினார். யார் கையிலோ மண்வெட்டி இருந்தது. ரஷீத் சார் நேராகத் தண்ணீரில் இறங்கினார். நான் சீசாவில் தண்ணீர் பிடித்தேன்.

கரைந்த பிராணவாயுவைப் பார்க்க அப்போது எங்களிடம் இருந்தது கண்ணாடி மூடி போட்ட அந்தச் சீசாதான். ஒரு குமிழி கூட உள்ளே போகாமல் தண்ணீரை நிரப்ப வேண்டும். இரண்டு மருந்தை விட்டு மூடிக் குலுக்கினால் உள்ளே மேகம் மாதிரி ஒன்று திரளும். அது பழுப்பாக வந்தால் தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது. வெள்ளையாகவே நின்றுவிட்டால் இல்லை. அன்றைக்குத் திரண்டது பால் மாதிரி வெள்ளை.

ரஷீத் சார் அந்தச் சீசாவை அண்ணன் கையில் கொடுத்தார். "யாரும் மருந்து ஊத்தலீங்க. பத்து நாளா அடிச்ச வெயில்ல தண்ணி சூடாயிடுச்சு. சூடான தண்ணியில காத்து தங்காது. நேத்து மோடம் வேற போட்டுருக்கு, பாசி காத்து விடல. விடியறதுக்குள்ள மூச்சு முட்டிச் செத்துருக்கு."

மண்வெட்டி இறங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "சரியா பிடிக்காம ஒரு குமிழி உள்ள போயிருந்தா பழுப்பு வந்திருக்கும். அப்ப விஷம்னுதான் நாமளும் நினைச்சிருப்போம்" என்றார். அதற்குப் பிறகு அவர் "நிச்சயமாவா" என்று கேட்பதற்கு முன்னால் நானே இரண்டாவது தடவை எடுத்துவிடுவேன்.

இனி அந்த ஓடை. அது பல வருடம் கழித்து, ஒரு மே மாதத்தில்.

செலியமேட்டுக்கும் பாகூருக்கும் நடுவே வயல்களை ஒட்டிப் போகும் சின்ன ஓடை அது. அதில் ஒரு தடுப்பணை கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கோடையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை ஒரு மகளிர் குழு கொம்யூன் பஞ்சாயத்திடம் குத்தகைக்கு எடுத்து, கட்லாவும் ரோகும் விட்டிருந்தது. குழுத் தலைவி அஞ்சலை. கனத்த குரல், வாய் நிறைய வெற்றிலை. குஞ்சு விட்ட நாளிலிருந்து நாங்கள்தான் அவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒரு மாதம் போனால் மீன் எடுக்கலாம் என்றிருந்த நேரம்.

ஓடையோரமாக மேல்நோக்கிப் போனால் அரை மைல் தள்ளி ஒரு புழுங்கலரிசி ஆலை. குழுவில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆலையின் களத்தில்தான் வேலை பார்த்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சாப்பாடு ஆலையில். அவர்கள் எதிர்பார்ப்பு ஓடையில்.

ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் அஞ்சலை போன் செய்தாள். "மேடம், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துக்கினு கீது. சீக்கிரம் வாங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர்ப்பரப்பு முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். மழைத்தூறல் விழுவது போல் சத்தம். ரஷீத் சார் அங்கே நிற்கவில்லை. "மேலேருந்து வருவோம்" என்று சொல்லி ஓடையோரமாக நடக்க ஆரம்பித்தார்.

மேல்பகுதியில் புங்க மரமும் நாவல் மரமும் ஓடைமேல் சாய்ந்து நின்றன. அங்கே தண்ணீர் முப்பது டிகிரி. காலுக்கு இதமாக இருந்தது. வேர்களுக்கிடையே கெண்டைக் குஞ்சுகள் ஓடின. அடுத்த பகுதியில் கரை மொட்டை. வெள்ளம் வடிய ஓடையை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு மரங்களையெல்லாம் எடுத்திருந்தார்கள். தண்ணீர் பரந்து, கணுக்கால் அளவுக்கு, வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. அங்கே முப்பத்து நான்கு. அதற்குக் கீழே ஆலையின் குழாய். புளித்த வாடையோடு மஞ்சள் தண்ணீர் ஆவி பறக்க ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. வெப்பமானியை இறக்கியதும் பாதரசம் ஏறியது. நாற்பதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, சார் என் தோள்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். என் கால் சிவந்து போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தடுப்பணைத் தண்ணீரில் முப்பத்தேழு. அந்த மீன்களால் அதற்கு மேல் ஒன்றிரண்டு டிகிரிதான் தாங்க முடியும். உச்சிவெயில் இன்னும் வரவேயில்லை.

"இப்பவே வலை போட்டு இஸ்துடலாமா பாய்?" என்று அஞ்சலை கேட்டாள். "சின்னதா இருந்தாலும் கெடச்ச வரைக்கும் ஆச்சே."

"இந்தச் சூட்டுல வலை போட்டா பயந்து ஓடும். ஓடினா மூச்சு இன்னும் வேணும். கரைக்கு வர்றதுக்குள்ள பாதி செத்துடும்மா."

"அப்போ விடியக்காலம் இஸ்துக்கலாம். தண்ணி ஆறியிருக்கும்."

"ஆறியிருக்கும். ஆனா அப்பதான் தண்ணியில காத்து ரொம்பக் கம்மி."

அஞ்சலை வெற்றிலையைத் துப்பினாள். "அப்போ எப்பதான் பாய் இதுங்க பொழைக்கிறது?"

சார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலைப் பக்கம் நடந்தார். வெயிலில் குடையை மடக்கி அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

ஆலை மேலாளர் தேவநாதன் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "சார், நெல்லு ஊறின தண்ணி அது. மருந்து ஒரு சொட்டு கெடையாது. மாடு குடிக்குது சார்."

"விஷம்னு நான் சொல்லலீங்க. சூடு. அப்புறம் அந்தப் புளிப்பு. ரெண்டும் சேந்து தண்ணியோட மூச்சைப் பிடிக்குது. ஓடை நெறைய ஓடற மாசத்துல தெரியாது. இப்ப ஓடையில பாதி உங்க தண்ணிதான் இருக்கு."

"நாப்பது பொம்பளைங்க இந்த மில்லை நம்பிக் கீறாங்க சார். நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஓடையில விடாதீங்கன்னு சொல்றேன்."

அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தேவநாதனுக்கும் அந்தத் தாழ்ந்த குரலின் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். வெளியே போய் முதலாளியிடம் போனில் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். ஆலைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். ஆனால் பள்ளம் சின்னது. தொட்டிகளில் ஊறிக்கொண்டிருக்கும் நெல்லை எல்லாம் இன்றைக்கே அவித்துக் காயவைத்து முடித்துவிட்டு, ஆலையை நிறுத்திப் பள்ளத்தைப் பெரிதாக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எங்களுக்குப் பெரிய வெற்றியாகத் தோன்றியது. தேவநாதன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "எல்லா நெல்லையும் இன்னிக்கே களத்துக்கு இறக்கு. ஒரு ஆளும் வூட்டுக்குப் போவக் கூடாது" என்று சொன்னதை நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

குழாய் திரும்பிவிட்டாலும் ஏற்கெனவே சூடான தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. தடுப்பணையை ஒட்டி ஜெகநாதன் என்பவரின் கரும்புத் தோட்டம். அவரிடம் ஆழ்குழாய்க் கிணறு இருந்தது. நிலத்தடித் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் போன வருடம் மீன் வாங்க வந்த வண்டிகள் அவர் வரப்பை உடைத்துவிட்டதிலிருந்து அவருக்கும் அஞ்சலைக்கும் பேச்சு இல்லை.

"என் கரும்பே வாடிக்கினு கீது. ஒன் மீனுக்குத் தண்ணி உடணுமா?" என்றார் அவர், அஞ்சலையைப் பார்க்காமல்.

"கேக்க வேணாம்னுதான் பாத்தேன். வேற கெதி இல்ல. ஒன்னும் நீ தயவு பண்ண வேணாம், உன் வரப்பை நாங்களே கட்டித் தர்றோம்" என்றாள் அஞ்சலை.

ஜெகநாதன் ரஷீத் சாரை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், வில்லியனூர் ஜவுளிக்கடை ஊட்டுக்காரர்தானே? எம்பொண்ணு கல்யாணப் பொடவை உங்க கடையிலதான் எடுத்தது." அவ்வளவுதான் சொன்னார். மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். மும்முனை மின்சாரம் சாயந்திரம் நாலு மணி வரைதான் இருக்கும்.

குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாக ஓடைக்கு வரும்படி அஞ்சலையும் இன்னும் இரண்டு பெண்களும் வரப்பை வெட்டினார்கள். ஓடையில் விழும் இடத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, தண்ணீர் சிதறி விழும்படி சார் செய்தார். நான் சீசாவில் சோதித்தேன். நேராகக் குழாயில் பிடித்த தண்ணீரில் மேகம் வெளுப்பாக வந்தது. பூமிக்குள் இருந்த தண்ணீருக்குக் காற்று ஏது? தகரத்தில் சிதறி விழுந்த தண்ணீரில் பழுப்பு. அந்தப் பழுப்பைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் மணிக்கு ஒரு தடவை அளந்தேன். முப்பத்தேழரை. முப்பத்தெட்டு. மறுபடி முப்பத்தெட்டு. பெரிய மீன்கள் சில பக்கவாட்டில் சாய ஆரம்பித்தன. அஞ்சலை கரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் "எவ்ளோ?" என்று கேட்டாள். நான் எண்ணைச் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பெரிய மீனுக்குத்தான் மூச்சு முதலில் முட்டும். சின்னது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதை எப்படி அவளிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆலைப் பக்கமிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அஞ்சலக்கா! ஒங்க சுமதி வுழுந்துட்டா! களத்துல வுழுந்துட்டா!"

சுமதி அஞ்சலையின் ஓரகத்தி. முப்பது வயது இருக்கும். அவளும் குழுவில் ஒருத்தி. காலையில் குழாயைத் திருப்பியதிலிருந்து களத்தில் இரட்டை வேலை நடந்திருக்கிறது. ஆவியில் வெந்த நெல்லை உடனுக்குடன் சிமெண்டுக் களத்தில் கொட்டி, காலால் கிளறிக்கொண்டே போக வேண்டும். கீழே சூடு, மேலே சூடு, நெல்லும் சூடு. மதியச் சாப்பாட்டுக்குக் கூட யாரும் உட்காரவில்லையாம்.

நாலு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆலையில் நிழல் இருந்தது, ஆனால் தண்ணீர்த் தொட்டியில் இருந்ததெல்லாம் சுடுதண்ணீர். அதனால் யாரோ ஓடைப் பக்கம் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலிருந்தது. வேர்வையே இல்லை. கண்கள் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை. "கூட்டு, கூட்டு, மழ வருது" என்று உளறினாள். நெல்லைக் குவிக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது.

"தொட்டியில இறக்குங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது.

ஆழ்குழாய்த் தண்ணீர் விழும் தொட்டியில் அவளைக் கழுத்தளவுக்கு உட்கார வைத்தோம். அஞ்சலை உள்ளே இறங்கி அவள் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். நான் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தேன். ரஷீத் சார் தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைப் பின்னால் நீட்டி எங்கள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். ஜெகநாதன் நூற்றெட்டுக்குப் போன் செய்துவிட்டு, மோட்டார் கொட்டகை வாசலிலேயே நின்றார். அவருக்கு ஒரே கவலை மின்சாரம். "நிக்கக் கூடாது, நிக்கக் கூடாது" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"சுமதி. ஏ சுமதி. இங்க பாருடி. நாந்தான்டி" என்று அஞ்சலை சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்தக் கனத்த குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு முழுக்கக் கால் மணிக்கு ஒரு தடவை அளந்தவள், அந்த நேரத்தை மட்டும் அளக்கவில்லை. கடைசியில் சுமதியின் உடம்பு ஒரு தடவை உதறியது. கண்கள் எங்கள்மேல் வந்து நின்றன.

"இன்னாத்துக்கு என்னத் தண்ணியில போட்டுக்கினு கீறீங்க?" என்றாள், எரிச்சலோடு.

அஞ்சலை அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். ரஷீத் சார் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து சுமதியையும் அஞ்சலையையும் பாகூர் மருத்துவமனைக்கு ஏற்றிப்போனது. நாலு மணிக்கு மோட்டார் நின்றது. அதுவரை ஓடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது கரையோரம் பெரிய கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஆலைக்குப் போன எங்கள் கோரிக்கை, அங்கிருந்து முதலாளிக்குப் போன போன், அங்கிருந்து மேஸ்திரி, அங்கிருந்து சுமதியின் கால்கள். இப்படியே மனம் சுற்றிச் சுற்றி வந்தது. சுமதி எப்படி இருக்கிறாளோ, மீதி மீன்கள் விடியும்வரை இருக்குமோ என்று இரண்டு பயமும் மாறி மாறி வந்தன. ஒன்றைப் பற்றி நினைத்தால் இன்னொன்றுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ரஷீத் சார் எனக்கு முன்பே வந்து கரையில் நின்றார். மோட்டார் சத்தம் கேட்டது. மின்சாரம் வந்ததுமே ஜெகநாதன், யாரும் சொல்லாமல், போட்டுவிட்டிருந்தார்.

தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை. வாய்கள் இல்லை, வட்டங்கள் இல்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சார் தகரம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

தகரத்துக்குக் கீழே, தண்ணீர் சிதறி விழும் அந்தச் சின்ன இடத்தில், மீன்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அடர்ந்து நின்றன. எல்லாவற்றின் தலையும் விழும் தண்ணீரைப் பார்த்து இருந்தது. வால்கள் மட்டும் மெதுவாக அசைந்தன. குளிர்ந்த தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே வந்து நின்றுவிட்டன.

நான் இறங்கி அளந்தேன். சீசாவில் இளம்பழுப்பு. இரண்டாவது தடவையும் இளம்பழுப்பு.

மருத்துவமனையிலிருந்து நேராக வந்த அஞ்சலை கரையில் நின்று அந்தக் கூட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். சுமதிக்கு ஆபத்து இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் கரையில் ஒதுங்கியிருந்த செத்த மீன்களைக் கூடையில் பொறுக்க ஆரம்பித்தாள். பெரியவை எல்லாம் போய்விட்டன. சின்னவற்றில் பாதிக்கு மேல் பிழைத்தன.

ஆலையின் பள்ளம் அந்த வாரத்திலேயே பெரிதாகிவிட்டது. ஊறல் தண்ணீர் அதில் ஆறிய பிறகு தென்னந்தோப்புக்குப் போனது. சுடுதண்ணீர் அதற்குப் பிறகு ஓடையில் இறங்கவில்லை. எங்கள் வேலையைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஆனால் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வழக்கமான அளவு எடுக்கப் போனபோது சுமதி கரையில் உட்கார்ந்து தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் களத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். வெப்பமானியை நான் கழுவித் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மேடம், மீனு எவ்ளோ சூடு தாங்கும்னு கணக்கு வெச்சிக்கினு கீறீங்களே. எங்களுக்கு எவ்ளோ?"

ரஷீத் சாரைப் பார்த்தேன். அவர் சுமதி பக்கம் திரும்பினார்.

"தெரியலீங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

நிஜமாகவே கேட்டார். மருத்துவமனைக்குப் போய் சுமதியைப் பார்த்த டாக்டரிடம் உட்கார்ந்து பேசினார். பிறகு ஆலைக்குப் போனார். எங்கள் பிரிவுக்கும் களத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது யார் பொறுப்பு என்று தேவநாதன் கேட்டபோது, "தெரியலீங்க, நான் நாளைக்கும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாராம். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் உச்சிவெயில் நேரத்தில் களத்தில் ஆள் இறங்குவதில்லை என்றும், களத்தின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகையும் பானைத் தண்ணீரும் வைப்பது என்றும் ஒரு ஏற்பாடு வந்தது. அது எல்லாக் கோடையிலும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நடந்த வருடங்கள் உண்டு. நடக்காத வருடங்களும் உண்டு.

அடுத்த முறை ஓடைக்குப் போனபோது சார் முதலில் வெப்பமானியைத் தொடவில்லை. சுமதி இருந்த இடத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய அதிகாரியிடம் சொல்வது போல நின்றுகொண்டு சொன்னார்.

"கேட்டுட்டு வந்தேம்மா. நம்ம உடம்புக்குள்ள எப்பவும் முப்பத்தேழு டிகிரி. அதுக்கு மேல மூணு நாலு ஏறினா உயிருக்கே ஆபத்து."

தீவனம் போட்டுக்கொண்டிருந்த சுமதியின் கை அப்படியே நின்றது.

"மூணு நாலுதானா?"

"ஆமாம்மா."

அவள் ஓடையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வயல்களுக்கு அப்பால் வெயிலில் வெள்ளையாகக் கிடந்த ஆலைக் களத்தைப் பார்த்தாள். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்கள்.

"அவ்ளோ கொஞ்சமா?" என்றாள்.